சண்முகத்தாயின் குதிகால்

ஆறுமுகநேரியில் பலசரக்குக் கடை நடத்தும் சண்முகத்தாய், குதிகாலில் வந்த புண்ணை யாருக்கும் காட்டவில்லை. அவள் கணவர் பால்துரைக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அவளைப் போலவே சர்க்கரை வியாதி, கால் கட்டைவிரலில் ஒரு கொப்புளம், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவருக்குக் கட்டு மாற்றி மாற்றி அந்த வாடை அவளுக்குப் பழகியிருந்தது. ஒருநாள் அதே வாடை தன் காலிலிருந்து வந்தபோது, அளந்துகொண்டிருந்த அரிசியைப் பாதியில் விட்டுவிட்டுக் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

வாடை பால்துரைக்கும் எட்டியது. தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

மாதக்கணக்கில் மருந்தும் கட்டும் போட்டும் புண் மூடவில்லை. பிறகு டாக்டர் ஞானபாக்கியம் ஒரு வழி சொன்னார். இடுப்பு எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையைக் கொஞ்சம் ஊசியால் உறிஞ்சி, புண்ணைச் சுற்றிப் போடுவது. எல்லாருக்கும் கேட்காது, சிலருக்கு ஆறியிருக்கிறது என்றும் மறைக்காமல் சொன்னார். எலும்பில் ஊசி என்றதற்குப் பிறகு சண்முகத்தாய்க்கு எதுவும் காதில் ஏறவில்லை.

குறித்த நாள் காலையில், பால்துரை டீ வாங்கப் போன நேரம் பார்த்து, ஆஸ்பத்திரி உடுப்போடு நொண்டி நொண்டி வாசலுக்கு வந்துவிட்டாள். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் விடாமல் வந்ததில் சாலையைத் தாண்ட முடியவில்லை. அங்கேயே பால்துரை ஊன்றுகோலோடு வந்து பிடித்துவிட்டார்.

"நீங்க மயங்கிப் படுத்தீங்க. முழிச்சப்ப கால் இல்ல," என்றாள். "எனக்கும் அதான் நடக்கும்."

"ஏளா, எனக்கு இப்படி ஒரு வழி யாரும் சொல்லல. சொல்லியிருந்தா பயந்துக்கிட்டே படுத்திருப்பேன். நீயும் பயந்துக்கிட்டே படு."

அவரோடு உள்ளே திரும்பி வந்தவள், மயக்க ஊசி மட்டும் வேண்டாம் என்றாள். டாக்டர் மரத்துப்போக மட்டும் ஊசி போட்டார். குப்புறப் படுத்தவள் கால்விரல்களை அசைத்துக்கொண்டே இருந்தாள். உறிஞ்சும்போது உள்ளுக்குள்ளிருந்து எதையோ சுண்டி இழுத்தாற்போல் இருந்தது. தலையணையைக் கடித்துக்கொண்டாள். அப்போதும் விரல்கள் அசைந்தன.

முதல் கட்டைப் பிரித்த அன்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வெளுத்துக் கிடந்த புண்ணின் ஓரத்தில் செக்கச்செவேலென்று புதுச்சதை தெரிவதாகப் பால்துரைதான் பார்த்துச் சொன்னார். அவள் நம்பவில்லை. வாரக்கணக்கில் புண் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, தை பிறப்பதற்குள் மூடிக்கொண்டது.

இப்போது செருப்புப் போட்டுக் கடைக்குப் போகிறாள். குளித்ததும் கண்ணாடியைத் தரையில் வைத்துக் குதிகாலைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். தவறாமல் பார்க்கிறாள். பாதத்தைத் தூக்கும்போது மட்டும் மூச்சு தானாக நின்றுவிடுகிறது.