அப்பா ஒத்துக்கொண்ட குற்றம்

காலேஜ் முதல்வர் அறையில் அன்றைக்கு இருந்தவர்கள்: முதல்வர், விளையாட்டு மாஸ்டர், சாதாரண உடையில் வந்திருந்த ஒரு போலீஸ்காரர், அப்பா, அம்மா, தலையைக் குனிந்தபடி என் தம்பி. இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான், பெங்களூரில் ஆபீசில் இருந்தேன். இன்னொருவன், மேசைமேல் கிடந்த அந்த வேப் யாருடையதோ அந்தப் பையன்.

அம்மா அதைக் கண் டாக்டர் வைத்திருக்கும் டார்ச் என்று நினைத்தாளாம். உள்ளே கஞ்சா எண்ணெய் இருக்கிறது, இழுத்தால் புகை வரும் என்று விளையாட்டு மாஸ்டர்தான் விளக்கியிருக்கிறார். தம்பி ராபர்ட்சன்பேட்டையில் பியூசி முதல் வருஷம், அதாவது பதினோராம் வகுப்பு, படித்தான். பதினாறு வயது. அவன் பையைச் சோதித்தபோது கிடைத்தது.

சாயங்கால ரயிலில் ஊரிகத்தில் இறங்கி, தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்குள் நுழைந்தபோது, நான் நினைத்ததற்கு மாறாக அப்பா நிம்மதியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"முட்ஞ்சிடுச்சுப்பா. நான் பேசிட்டேன். காலைல ஸ்டேஷனுக்குப் போயி எழுதிக் குட்த்து கையெழுத்துப் போட்டா விட்ருவாங்க."

"இன்னா எழுதிக் குடுக்கணும்?"

"ஒத்துக்கினோம்னு. இவன்தான் வாங்கினான், கூட இருக்கிற பசங்களுக்கும் குட்த்திருப்பான், புத்தி இல்லாம பண்ணிட்டான், மன்னிச்சிடுங்கன்னு சொன்னேன். அந்த போலீஸ்காரு நல்ல மனுஷன், பொறுமையா கேட்டாரு."

தம்பி மூலையிலிருந்து, "நான் வாங்கலன்னு சொல்றேன், யாரும் கேக்க மாட்றீங்க" என்றான். சீனியர் ஒருவன் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னானாம். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தது மட்டும் உண்மையாம்.

"வாயை மூடு. பாதி ஒத்துக்கினாதான்டா ஆபத்து" என்றார் அப்பா.

அப்பா அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. மைன் ஓடிய காலத்தில், ஷிப்ட் முடிந்து கேஜ் என்ற சுரங்க லிப்டில் மேலே வருகிறவர்களைத் தடவிச் சோதிப்பார்கள். யாரிடமாவது தங்கக் கல் துணுக்கு அகப்பட்டால் மறுநாள் குடும்பமே ஆபீசருக்கு முன்னால் போய் நிற்கும். பெற்றவர் முதலில் பேசவேண்டும். செய்ததைச் சொல்லி, செய்யாததையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லி, முழுசாகத் தாழ்ந்து நின்றால் சில நாள் சம்பள வெட்டோடு வேலை தப்பும். வாதாடியவன் வேலை போனது. அப்பா அதைக் கண்ணால் பார்த்தவர். அன்றைக்கு முதல்வர் அறையில் அவர் செய்தது அதேதான். அந்த ஆபீஸ் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அதன் நியாயம் அவருக்குள் மூடவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அதனால் சட்டமும் எனக்குத் தெரியும் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்று. ஒரு அபிடவிட்டுக்காகக் கோர்ட்டுக்குப் போனபோது, இலவச சட்ட உதவி என்று ஒரு கதவில் எழுதியிருந்தது. ஸ்டேஷனுக்கு முன்னால் அங்கே போகலாம் என்றேன்.

"வக்கீலா? கேசை இஸ்த்துக்கினே போவாங்க" என்றார் அப்பா.

"நீங்க பேசினது போதும். ஒரு நாளாவது படிச்ச புள்ள பேச்சைக் கேளுங்க" என்றாள் அம்மா. அவள் கழுத்தில் செயின் இல்லை. கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தாள். போலீஸ் என்றால் செலவுக்கு அது போய்விடும் என்று அவளே முடிவு செய்திருந்தாள்.

காலையில் கோர்ட்டில் அந்தச் சட்ட உதவி அறையில் ஒரு பெண் வக்கீல் இருந்தார். தம்பியை உட்காரவைத்துவிட்டு அப்பாவைத்தான் முதலில் கேட்டார்.

"மத்த பசங்களுக்குக் குடுத்தான்னு சொன்னது யாரு?"

"நான்தாங்க."

"பாத்தீங்களா?"

"இல்லீங்க."

"பையன் சொன்னானா?"

"இல்லீங்க. சும்மா... மொத்தமா ஒத்துக்கலாம்னு."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, வெச்சிருந்தது ஒரு குத்தம். அடுத்தவனுக்குக் குடுத்தா அது வேற, அதைவிடப் பெருசு. மன்னிப்புக் கேக்கிறதா நெனச்சு உங்க பையன் மேல நீங்களே அதை ஏத்தி வெச்சிருக்கீங்க. கையெழுத்துப் போட்டீங்களா?"

"இன்னிக்கித்தாங்க போடணும்."

"நல்லவேளை. பதினெட்டு ஆகாத பையன் விஷயம் சிறார் வாரியத்துக்குத்தான் போகணும். லாக்கப்ல வெக்கக் கூடாது. நானும் ஸ்டேஷனுக்கு வரேன். பொய் சொல்லச் சொல்லல. தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்க. ரெண்டு தடவை இழுத்தேன்னா ரெண்டு தடவைன்னு சொல்லு, தம்பி."

அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. அவ்வளவு நேரமும் மகனைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்திருந்தவர் அவர்.

அம்மா இடுப்பிலிருந்து முடிச்சை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இன்னாமா இது?" என்றார் வக்கீல்.

"பீஸுக்குங்க."

"கழுத்துல போடுங்கம்மா. இங்க பீஸ் கெடையாது."

ஸ்டேஷனில் குழந்தைகள் விஷயம் பார்க்கும் அதிகாரி தம்பி சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டார். அப்பா இரண்டு முறை வாயைத் திறக்கப்போனார். அம்மா கையைப் பிடித்து அழுத்தினாள்.

பிறகு வாரியத்துக்காக ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்து எங்கள் நிலைமையை விசாரித்துப் போனார். கோலாரில் வாரியத்துக்கு முன்னால் நின்ற அன்று, மாஜிஸ்திரேட் அப்பாவிடம் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்.

அப்பா எழுந்து கைகட்டிக்கொண்டார். "தெரிஞ்சதை மட்டும் சொல்லச் சொன்னாங்க. நான் நைட் ஷிப்ட் வாட்ச்மேன். பகல்ல தூங்குவேன். என் பையன் இன்னா பண்றான்னு எனக்குத் தெரியாதுங்க. அதான் எனக்குத் தெரிஞ்சது."

யாரும் சிரிக்கவில்லை. தம்பி மட்டும் நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

எச்சரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சில மாதம் ஆஸ்பத்திரியில் கவுன்சிலிங் போகவேண்டும் என்றார்கள். இது அவன் படிப்புக்கோ வேலைக்கோ குறுக்கே நிற்காது என்று வக்கீல் இரண்டு முறை சொன்னபிறகுதான் அம்மா நம்பினாள். அதுவரை நிறுத்திவைத்திருந்த காலேஜும் அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அந்தச் சீனியரை நாங்கள் கடைசிவரை பார்க்கவில்லை.

கவுன்சிலிங்குக்கு அவனை அழைத்துப் போகிறவர் அப்பாதான். நைட் ஷிப்ட் முடிந்து, தூங்காமல். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தூங்கிவிடுவார். தம்பி வந்து எழுப்புவான்.

வாரியத்தில் முடிந்த அன்று, கோலாரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அம்மா, "மொத்தம் எவ்ளோடா ஆச்சு?" என்று கேட்டாள். செயின் அவள் கழுத்தில் இருந்தது. பஸ் சார்ஜ், ஜெராக்ஸ், போட்டோ, அப்பா வேலைக்குப் போகாத இரண்டு நாள் சம்பளம் எல்லாம் கூட்டிச் சொன்னேன்.

ஆயிரத்து எழுநூற்று அறுபது ரூபாய்.