விரிப்பை உருவிய ஞாயிறு

கோவில்பதாகையில் எங்கள் சபைக்கு நிர்வாகத் தேர்தல் நெருங்கியதும் மக்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிட்டார்கள். எதிரணியில் இருந்த செல்வி அக்காவோடு நானும் பேச்சை நிறுத்தியிருந்தேன்.

அந்த ஞாயிறு போதகர் இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தேவனைத் தொழுத ஆசரிப்புக் கூடாரத்தைப் பற்றிப் பிரசங்கித்தார். அந்தக் காலத்தில் தேவ பிரசன்னம் திரைக்குப் பின்னால் இருந்தது, பிரதான ஆசாரியன் மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை பலியின் ரத்தத்தோடு நடுங்கிக்கொண்டே உள்ளே போவான் என்றார். ஆராதனை முடிவதற்குள் யாரோ யாரையோ தள்ள, நாற்காலிகள் பறந்தன. என் கணவர் மைக் ஸ்டாண்டைத் தூக்கிச் சுழற்றினார். விலக்கிவிட வந்த செல்வி அக்காவின் மண்டை பிளந்தது.

நான் ஓடிப்போய், அப்பமும் ரசமும் வைக்கும் திருவிருந்து மேசையின் வெள்ளை விரிப்பை உருவினேன்.

“அதத் தொடாதம்மா! பரிசுத்தமானது!” என்று ஒரு பெரியவர் கத்தினார்.

“உசுரு போவுதுய்யா!” என்று நானும் கத்திவிட்டு, அதைக் காயத்தில் வைத்து அழுத்தினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோவில் என் கணவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். “இன்னா பண்ணிட்டேன்க்கா...”

ரத்தம் கண்ணை மறைக்க, செல்வி அக்கா தடவிப்பார்த்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “அழுவாத தம்பி. ஜெபம் பண்ணு. எனக்குப் பயமா கீது.”

என் கணவர் விம்மிக்கொண்டே இருந்தார். அக்காவே “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” என்று மெல்ல ஆரம்பித்தார். நாங்கள் இருவரும் கூடவே சொன்னோம்.

அக்கா பிழைத்துவிட்டார். பிறந்ததிலிருந்து நான் சபைக்குப் போகிறவள். ஆண்டவர் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறார் என்று என் உடம்பு நடுங்கியது அந்த ஆட்டோவில்தான்.