முந்தானைக்குள் இருமல்

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை எனக்கு. இடது மார்பில் புற்றுநோய் வந்து, ஆபரேஷனும் கதிர் சிகிச்சையும் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். கம்பெனியில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்றுதான் சொல்லியிருந்தேன். மார்பு என்ற வார்த்தையை என் வீட்டுக்காரரிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

கதிர் வைக்கும் முன்பே டாக்டரம்மா எச்சரித்திருந்தார். "மார்புக்கு அடியிலதாங்க நுரையீரல். அதுல எவ்வளவு படும்னு கணக்குப் போட்டுத்தான் வைக்கறோம். இருந்தாலும் சில பேருக்கு ரெண்டு மூணு மாசம் கழிச்சு வரட்டு இருமல் வரும், மூச்சு வாங்கும். வந்தா உடனே வந்துருங்க."

வந்தது. நான் போகவில்லை. மறுபடியும் ரவிக்கையைக் கழற்றித் தழும்பைக் காட்ட வேண்டுமே என்று உடம்பு கூசியது. முந்தானையால் வாயைப் பொத்தி இருமினேன். வீட்டிலும் கம்பெனியிலும் கேட்டவர்களிடம் பஞ்சுத் தூசி என்றேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மெல்ல விலகினார்கள். கூட வேலை செய்யும் திருநெல்வேலிக்காரி ஒருத்திதான் நேரில் சொன்னாள். "யக்கா, தப்பா நெனைக்காதீங்க. ஒங்களுக்கு டிபின்னு பேசிக்கிடுதாங்க." அதன்பின் மாடிப்படிக்கு அடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஒரு நாள் காலை அந்தப் படியில் ஏறும்போது பாதியிலேயே மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். திருநெல்வேலிக்காரிதான் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டரம்மா, "டிபி இல்லீங்க. நோயும் திரும்பலை. கதிர் பட்ட எடத்துல மட்டும் நுரையீரல் புண்ணாகி வீங்கியிருக்கு. அப்பவே வந்திருக்கலாமுங்களே?" என்றார்.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமல்லொ?" என்றார் என் வீட்டுக்காரர்.

ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். நாமாக நிறுத்தக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார்கள். இருமல் அடங்கியது. மாத்திரையால் முகம் உப்பியது. வேலைக்குப் போனபோது, "நல்லாப் பூசுனாப்ல ஆயிட்டீங்க" என்றார்கள். அதற்கும் கூசினேன்.

திருநெல்வேலிக்காரியிடம் மட்டும் சொன்னேன். சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, "மார்புல கேன்சருங்க கண்ணு. அதுக்கு வச்ச கதிராலதான் இருமல்" என்றேன்.

"இதுக்கா யக்கா இம்புட்டு நாளு தனியாச் சாப்பிட்டீங்க?" என்றாள்.

நுரையீரலில் கொஞ்சம் தழும்பு நின்றுவிட்டது. படியேறினால் நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் காரணம் கேட்டால் இன்னமும் பஞ்சுத் தூசி என்றுதான் வாயில் வருகிறது.