உள்ளே இருப்பவள் விற்கவில்லை

ஆபீஸில் அவளுக்கு ரெண்டாமணி என்று பெயர். தொலைபேசி இரண்டாவது தடவை மணியடிப்பதற்குள் எடுத்துவிடுவாள், அதனால் வந்த பெயர். நான் அவளுக்கு அடுத்த நாற்காலி. எங்கள் இருவருக்கும் ஒரே வேலைதான். கூப்பிடுகிறவர்களின் பயத்தை வாங்கிக்கொண்டு, மேலிடம் எழுதிக் கொடுத்த பதிலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

எங்கள் கம்பெனி நடத்துவது ஒரு முதலீட்டு ஃபண்டு. ஊரார் பணத்தைச் சேர்த்துக் கிடங்குகளும் அலுவலகக் கட்டடங்களும் வாங்கிப் போட்டு, வரும் வாடகையைப் பிரித்துக் கொடுக்கும். அதன் பங்குகளைச் சந்தையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், விற்கலாம். யார் கையில் எவ்வளவு இருக்கிறது என்று மூன்று மாதத்துக்கொரு முறை ஒரு பட்டியல் வெளியாகும். பாதிக்கு மேல் பெரிய நிறுவனங்களிடம் இருந்தது. அதிலும் பெரும்பங்கு ஒரே ஒரு ஓய்வூதிய நிதியிடம். கொஞ்சம் ‘உள்ளே இருப்பவர்கள்’ கையில், அதாவது இயக்குநர்கள், மேலாளர்கள், எங்களைப் போன்ற ஊழியர்கள். மிச்சம்தான் சில்லறை ஜனங்கள்.

சில்லறை ஜனங்கள் அந்தப் பட்டியலில் ஒரு வரியைத்தான் படிப்பார்கள். உள்ளே இருப்பவர்கள் விற்றார்களா, இல்லையா? “சமைச்சவன் தானும் சாப்பிடறானான்னு பாக்கணும்மா. அவன் சாப்பிட்டா நாமளும் சாப்பிடலாம்” என்று ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எனக்கே பாடம் எடுத்திருக்கிறார். நல்ல பாடம்தான். சமைத்தவனை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கிறார்களா என்று மட்டும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

எங்களைக் கட்டித்தான் போட்டிருந்தார்கள். போனஸ் என்று பணம் தராமல் பங்காகக் கொடுத்தார்கள். அதை நினைத்தபோது விற்க முடியாது. விதிமுறை அதிகாரி என்று ஒருவர் இருந்தார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பூட்டு. வெளியே தெரியாத சேதி ஏதாவது உள்ளே ஓடுகிறது என்றால், அது யார் காதில் விழுந்ததோ அவர்கள் எல்லாருக்கும் பூட்டு தடை போட்டுவிடுவார். தடை நீங்கும்வரை விற்கக் கூடாது, வாங்கக் கூடாது, வெளியே மூச்சு விடக் கூடாது. மீறினால் வேலை போகும், வழக்கு வரும், ஜெயில்கூட உண்டு.

ரெண்டாமணிக்கு ஓர் அக்கா. அம்மா போன பிறகு, தையல் ஆலையில் இடுப்பு ஒடிய உட்கார்ந்து இவளைப் படிக்கவைத்தவள். புருஷன் இறந்ததும், ஊருக்கு வெளியே இருந்த வீட்டை விற்றுவிட்டு வாடகைக்கு மூன்றாவது மாடியில் குடியிருந்தாள். முழங்கால் இரண்டும் போய்விட்டன. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் இரண்டு அறை வீடு ஒன்றைப் பேசி வைத்திருந்தாள். அதில் இருந்தவர்கள் காலி செய்யும்வரை, வீடு விற்ற பணம் அத்தனையையும் எங்கள் ஃபண்டில் போட்டாள்.

“பேங்க்ல போட்டா தூங்கும். என் தங்கச்சி உள்ள இருக்கா, எனக்கென்ன பயம்?” என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வாளாம்.

வெள்ளிக்கிழமைதோறும் அக்கா எங்கள் உதவி எண்ணுக்குத்தான் கூப்பிடுவாள். தங்கையின் சொந்த நம்பர் இல்லாமலா? ‘வணக்கம், முதலீட்டாளர் உதவி மையம்’ என்று இவள் மிடுக்காகச் சொல்வதைக் கேட்பதில் அவளுக்கு ஒரு ஆனந்தம். தான் வளர்த்த குரல் அல்லவா! கேட்பது ஒரே கேள்வி.

“நீ உன்னோடத வித்தியாடி?”

“இல்லக்கா.”

“அப்ப நானும் விக்கல.” முடிந்தது பேச்சு. அந்த எண்ணில் எல்லாப் பேச்சும் பதிவாகும். அக்காவுக்கு அதுவும் பெருமை.

ஒருநாள் காலை ஓய்வூதிய நிதியிலிருந்து ஓர் ஆள் தவறிப்போய் எங்கள் எண்ணுக்குக் கூப்பிட்டான். ரெண்டாமணிதான் எடுத்தாள், வழக்கம்போல் முந்திக்கொண்டு. மொத்தப் பங்கையும் விற்றுவிட்டு வெளியேறுவது பற்றிப் பேச வேண்டும், இயக்குநருக்கு இணைப்புக் கொடு என்றான். அவள் கொடுத்தாள். மத்தியானத்துக்குள் பூட்டு வந்து அவளை அறைக்குள் கூப்பிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, தடை போட்டார். நான் எடுத்திருந்தால் அது என் தலையில் விழுந்திருக்கும். எனக்குப் பின்னால்தான் விஷயம் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அவள் திரும்பி வந்து உட்கார்ந்து வெகுநேரம் எந்த அழைப்பையும் எடுக்கவில்லை என்பதுதான்.

அந்த வெள்ளிக்கிழமையும் அக்கா கூப்பிட்டாள். “இல்லக்கா, விக்கல” என்றாள் இவள். பொய்யில்லை. விற்கத்தான் முடியாதே!

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். சொல்லிவிடுவது என்றுதான் மூன்று மாடியும் ஏறினாளாம். அக்கா புது வீட்டு ஜன்னல்களுக்குத் திரைத்துணி வாங்கி வைத்திருந்தாள், நீலத்தில். இவள் புருஷனுக்கு வேலை போய் வருஷத்துக்கு மேலாகிறது, பிள்ளைகள் இரண்டு. சுற்றி வளைத்துத்தான் பேசினாள்.

“அக்கா, பணத்த எடுத்து அந்த வீட்டுக்காரர் கையில குடுத்துடேன். எதுக்கு இழுத்துக்கிட்டு?”

“அவங்க இன்னும் காலியே பண்ணல. அதுக்குள்ள என்னடி அவசரம்? நீ வித்துட்டியா?”

“இல்ல.”

“விக்கப் போறியா?”

“இல்லக்கா.”

“அப்புறம் என்ன? நீ விக்கும்போது நானும் விக்கறேன். இன்னும் கொஞ்சம் ஏறட்டும், வாசல் கதவ மாத்திடலாம்.”

இதற்கு மேல் என்ன சொல்ல முடியும் என்று, எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் கேட்டாள்.

அதற்குள் அந்த மூன்று மாதத்துப் பட்டியல் வெளியானது. உள்ளே இருப்பவர்கள் ஒரு பங்குகூட விற்கவில்லை என்று பத்திரிகையில் நல்ல சேதியாகப் போட்டார்கள். அன்று முழுக்க எங்களுக்கு வாழ்த்து அழைப்புகள். எனக்கு எரிச்சலாக வருகிறது, இப்போது நினைத்தாலும். கைதிகள் யாரும் தப்பி ஓடவில்லை என்று சிறைச்சாலையைப் பாராட்டினால் எப்படி இருக்கும்?

அடுத்த வாரம் ஓய்வூதிய நிதி மொத்தத்தையும் சந்தையில் கொட்டிவிட்டு வெளியேறியது. பெரிய யானை எழுந்தால் கூட்டமும் சேர்ந்து எழும். பங்கு வைத்திருந்த வங்கிகளும் பின்னாலேயே கிளம்பின. விலை விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது. தொலைபேசிகள் ஓயவில்லை. அந்த வாத்தியார் கூப்பிட்டு அழுதார். அக்காவின் பணத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. தரைத்தள வீட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மணியடித்தது. ரெண்டாமணி இரண்டாவது மணிக்கு முன்பே எடுத்தாள். இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் எனக்குக் கேட்டது. “தெரியும்க்கா” என்றாள். பிறகு, “போட்டிருக்கலாம்” என்றாள். பிறகு ரிசீவரை மட்டும் காதோடு வைத்திருந்தாள்.

அதன்பின் அக்கா கூப்பிடவில்லை. இவள் கூப்பிட்டால் எடுப்பதில்லை. நேரில் போனால், மாடியில் பூட்டிய கதவுதான். வேறு ஏதோ ஊரில், துணிக்கடைக்குப் பின்னால் ஓர் அறையில் இருப்பதாகக் கேள்வி.

அந்த வருஷம் புது ஊழியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. எங்களையும் உட்காரவைத்தார்கள். ரகசியம் காப்பது எப்படி என்று பூட்டு வகுப்பெடுத்தார். “இப்ப ஒரு நல்ல உதாரணம் போடறேன். நம்ம ஆளுதான். கேளுங்க” என்று சிரித்துக்கொண்டே கருவியைத் தட்டிவிட்டார்.

“வணக்கம், முதலீட்டாளர் உதவி மையம்.”

“நான்தாண்டி.”

“சொல்லுக்கா.”

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு மாடி ஏறி வந்தியே, அப்பவே உனக்குத் தெரியுமா?”

“தெரியும்க்கா.”

“சொல்லியிருந்தா உன்னப் புடிச்சு உள்ள போட்டிருப்பாங்களா?”

“போட்டிருக்கலாம்.”

“அப்ப நீ சொல்லாததும் சரிதான். எனக்குப் புரியுது. ஆனா திரைத்துணிய அளக்கும்போது, ஒரு முனைய நீதானடி புடிச்சுக்கிட்டு நின்ன?”

அதை அவள் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. பதிவில் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அப்புறம் அக்கா, “சரி, வேலையப் பாரு” என்று வைத்துவிட்டாள்.

“பாத்தீங்களா? சொந்த அக்கா! அப்பவும் ஒரு வார்த்தை வெளிய போகல” என்று பூட்டு கை தட்டினார். புதுசுகளும் தட்டின. நானும் தட்டினேன், தட்டாமல் இருந்தால் கவனிப்பார்களே.

ரெண்டாமணி கையைத் தூக்கினாள். “சார், இன்னொரு தடவ போட முடியுமா?”

அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. “தாராளமா” என்று முதலிலிருந்து போட்டார்.

“நான்தாண்டி” என்றது அக்கா குரல். அத்தனை பேர் நடுவிலும் ரெண்டாமணி வாய்விட்டு, “சொல்லுக்கா” என்றாள்.