போனைத் தூங்க விடாதே

என் வீட்டுக்காரர் கடலில் எங்கே இருக்கிறார் என்பதை என் போனில் உள்ள ஆப்பில் ஒரு நீலப் புள்ளி காட்டும். டவர் எட்டும் தூரத்தில்தான் அவர் வலை போடுவார். ஒரே தொல்லை, அவருடைய போனில் வெளிச்சம் அணைந்த கொஞ்ச நேரத்தில் புள்ளி நின்றுவிடும். தவளக்குப்பத்தில் போன் கடை வைத்திருப்பவரிடம் கேட்டேன்.

“ஸ்கிரீன் ஆஃப் ஆனா ஆப்பு தூங்கிடும்கா. செட்டிங்ஸ்ல பேட்டரிய மாத்தி வுடணும். அவரு போன எடுத்துக்கினு வாங்க” என்றார்.

தொழிலை விட்டுவிட்டு இவர் எங்கே கடைக்கு வருவது? மறுநாள், படகில் அவரோடு வருகிறவருக்குக் காய்ச்சல். இவர் தனியாகவே கிளம்பினார். எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. வாசலில் நின்று கத்தினேன்.

“யோவ், போன தூங்க வுடாத. கேக்குதா?”

“சரிடி” என்று போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

அன்று புள்ளி நிற்காமல் நகர்ந்தது. சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டாரே என்று எனக்கே ஆச்சரியம். பொழுது ஏறக் காற்றும் பிடித்தது. எங்கள் ஊரான நல்லவாட்டுப் படகுகள் ஒவ்வொன்றாகக் கரை ஏறின. அப்போது புள்ளி நின்றது. தூங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் சொன்னாள். மறுபடி போட்டேன், அதையே சொன்னாள். அவளை அறையலாம் போலிருந்தது.

கொழுந்தனாரின் படகு வந்ததும் ஓடிப்போய் போனை நீட்டினேன்.

“அண்ணன பாத்தியாப்பா?”

“இல்லியே அண்ணி.” புள்ளியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. “அங்க தண்ணி மோசமாச்சே.”

இறக்கிய வலையை அப்படியே போட்டுவிட்டு, படகைத் திருப்ப ஆள் கூப்பிட்டார். மணலில் உட்கார்ந்து, என் போன் அணையாமல் திரையைத் தொட்டுக்கொண்டே இருந்தேன். அணைந்தால் அவரும் போய்விடுவார் என்று ஒரு பயம்.

அவர்கள் படகைத் தள்ளுவதற்குள் தூரத்தில் சிவப்பு மூக்கு தெரிந்தது. எங்கள் படகு. என் போனில் அவர் இன்னும் அதே இடத்தில்தான் நின்றார்.

இறங்கியதும் கேட்டேன். “போன் எங்கய்யா?”

தலையைச் சொறிந்தார். “கடல்ல வுழுந்துடுச்சி.”

“பையிலதான வெச்ச?”

“பையில வெச்சா தூங்கிடுதே. நீதான தூங்க வுடாதன்ன? ஒரு கையில இஞ்சினு, ஒரு கையில போனு. தொட்டுக்கினே வந்தேன். அல தூக்கி அடிச்சிச்சி.”

அந்தக் காற்றில், ஒற்றைக் கையில் படகை ஓட்டியிருக்கிறார் மனுஷன்! ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. நனைந்த சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினேன். ஊரே பார்த்தது, பார்க்கட்டும்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அதுக்கு ஏன்டி அழுவுற? பழைய போனுதான.”