டிவி கேம் பாட்டும் பிரஸ் மிஷின் தாளமும்

பழைய டிவி கேமில் வரும் பாட்டைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி, புதுத் தாளம் சேர்த்து, கேசட்டில் இறக்கித் தருவது என் தொழில் என்று சொன்னால், எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் எல்லாரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி, வேலை என்ன?" என்றுதான் கேட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங்கும் டாஸ் கட்டளைகளும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பாட்டு வேலை, வகுப்பு இல்லாத மதியங்களில். மானிட்டர் முன்னால் கண் எரிய உட்கார்ந்ததோடு, "சும்மா பட்டன்தானே தட்டுற" என்ற பேச்சையும் வாங்கிக்கொண்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களிடம் சொன்னால்தான் இது புரியும்.

ஒரு விரல்

டேனியல் என்னோடு பள்ளியில் படித்தவன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பான், முகூர்த்த நாட்களில் கல்யாணக் கச்சேரியில் வாசிப்பான், மற்ற நாளெல்லாம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் பிரஸ் மிஷின் ஓட்டுவான். தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி வெட்டும். ஒரு நாள் தகட்டோடு சேர்த்து அவன் வலது கையின் நடு விரல்கள் மூன்றும் போயின. கை உள்ளே போகாமல் காக்கிற கம்பித் தடுப்பை அவனே கழற்றிவிட்டான், இது அவன் அலட்சியம் என்று கம்பெனி எழுதி வைத்தது. சர்ச்சில்கூட, பையன் கொஞ்சம் அலட்சியம் என்று பேச்சு வந்தது. கச்சேரிக் குழு வேறு ஆளைப் பிடித்துக்கொண்டது. டைப்பிங்காவது கற்றுக்கொள் என்று யாரோ சொல்ல, எங்கள் சென்டருக்கு வந்தான்.

அன்று நான் ட்ராக்கர் என்ற மென்பொருளைத் திறந்து வைத்திருந்தேன். ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் கிடைத்தது. திரையில் நாலு வரிசை இருக்கும். எந்தச் சுரம், எந்தச் சத்தம் என்று எழுத்தும் எண்ணுமாகத் தட்டி வைத்தால், வரிசை ஓட ஓடப் பாட்டு வரும். பானையைத் தட்டிப் பதிவு செய்தால்கூட அதை ஏழு சுரத்திலும் பாட வைக்கலாம். டேனியல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தான். பிறகு இடது கை ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாகத் தட்டத் தொடங்கினான். ஒரு கேம் பாட்டின் முதல் அடியைப் பிடிக்க நான் ஒரு வாரமாக முட்டிக்கொண்டிருந்தேன். அவன் முழுப் பாட்டையும் அந்த மதியத்திலேயே முடித்தான். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "மச்சான், இதுக்கு ஒரு வெரலு போதும் போலகீதே."

முதல் வாடிக்கையாளர்

ஐயப்பன்தாங்கலில் ஒருவர் நாலு டிவி பெட்டி வைத்து வீடியோ கேம் கடை நடத்தினார். விமானம் சுடுகிற கேமில் வரும் பாட்டுக்கு டிஸ்கோ தாளம் போட்டுத் தந்தால் வாசல் ஸ்பீக்கரில் போடலாம் என்றார். டிவிக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துப் பதிவு செய்தோம். ஃபேன் சத்தம், ஆடுகிறவர்களின் வசவு, பக்கத்து வீட்டு குக்கர் விசில் எல்லாம் அதில் இருந்தன, பாட்டைத் தவிர. டேனியல் அதையே திரும்பத் திரும்பக் கேட்டு, காதாலேயே சுரத்தைப் பிரித்தெடுத்தான். பிறகு என்ன நினைத்தானோ, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, வயலின் சத்தத்தில் வாசிக்க வைத்தான். துள்ளிக்கொண்டு ஓடிய அந்தப் பாட்டுக்குள் இவ்வளவு துக்கம் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

கடைக்காரர் கடைசிவரை கேட்டார். டேப்பை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னார்: "இன்னாபா இது, சுடுற கேமுக்கு சாவு ஊட்டு மூசிக் போட்டுகினு வந்துகிறீங்க?"

தாளம் தேடிப் போனது

கடைக்காரருக்கு நெஞ்சில் இடிக்கிற மாதிரி தாளம் வேண்டும். என்னிடம் இருந்த டிரம் சத்தமெல்லாம் தகர டப்பா. தனக்கு ஒரு சத்தம் தெரியும் என்றான் டேனியல். மறுநாள் காலை டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அவனோடு அம்பத்தூர் போனேன். அவன் கை போன பட்டறையின் பின்பக்க ஜன்னல் அடியில் என்னை நிற்க வைத்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. வேண்டாம்டா என்றேன். அவன் பதிவு பட்டனை அழுத்தினான். உள்ளே மிஷின் இறங்கி இறங்கி ஏறியது. ஒவ்வொரு அடிக்கும் காலடியில் மண் அதிர்ந்தது. அவன் மைக்கை அசையாமல் பிடித்திருந்தான்.

டீ நேரத்தில் மிஷின் நின்றது. சேகர் என்று ஒருவன் வெளியே வந்தான். டேனியலின் இடத்தில் இப்போது அவன்தான். ஊர் நசரத்பேட்டை, இன்னும் டெம்பரரி. டேனியலைப் பார்த்ததும் ஓடி வந்து தோளைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்த பிறகு, இப்போதாவது கம்பித் தடுப்பை மாட்டினார்களா என்று டேனியல் கேட்டான். சேகர் உள்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அத மாட்டுனா பீஸ் கொறையுதுன்னு, நீ இருக்க சொல்லவே சூப்பர்வைசர் கழட்டுனதுதாண்ணா, இன்னும் மாட்டல."

கேசட்டில் இருந்த குரல்

சென்டருக்கு வந்து, மிஷின் அடியை மட்டும் வெட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அரை நொடிகூட இல்லை. கேசட் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று சேகரின் குரல் வந்தது. டேப்ரெக்கார்டரை நாங்கள் நிறுத்தவே இல்லை. தடுப்பைக் கழற்றியது யார் என்று அவன் சொன்ன வார்த்தை, சுத்தமாக, தெளிவாக இருந்தது. டேனியலின் கேஸ் அப்போது லேபர் ஆபீஸில் கிடந்தது. நேராக அங்கே கொண்டுபோய்க் கொடு என்றேன். சேகரைக் கேட்காமல் முடியாது என்றான் டேனியல். கேட்டால் மாட்டேன் என்பான், கேட்காதே என்று நான் சண்டை போட்டேன். பத்து வருஷப் பழக்கத்தில் நான் அவனிடம் குரல் உயர்த்தியது அன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் நசரத்பேட்டை போனோம். சேகரின் மனைவி முழுகாமல் இருந்தாள். அவள் காப்பி வைக்க உள்ளே போனதும் டேனியல் விஷயத்தைச் சொன்னான். சேகரின் முகம் செத்துப்போனது. கோபப்படவில்லை. காலில் விழுகிறவன் மாதிரி மெதுவாகத்தான் கேட்டான்: "உனுக்கு கை போச்சி, எனுக்கு வேலை போவணுமாண்ணா?"

ஆண்டு விழா

திரும்பி வந்ததும் டேனியல் அந்தக் கேசட்டையே போட்டு, சேகரின் குரல் அழியும்படி அதன் மேலேயே எங்கள் பாட்டைப் பதிவு செய்யச் சொன்னான். செய்தேன். அந்தக் கேசட் ஐயப்பன்தாங்கலில் சக்கைப்போடு போட்டது. யார் மூலமாகவோ கேள்விப்பட்டு, ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா பிரேக் டான்ஸுக்கு அதே பாட்டைக் கேட்டார்கள். எங்களுக்கு முன் வரிசையில் நாற்காலி போட்டார்கள். பிள்ளைகள் வெள்ளிக் காகிதம் ஒட்டிய சட்டையில் இயந்திர மனிதர்களாக ஆடினார்கள். ஆளுயர ஸ்பீக்கரில் ஒவ்வொரு அடியும் விழும்போது டேனியலின் வலது தோள் பின்னால் இழுத்துக்கொண்டது. அவனுக்கே அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

விழா முடிந்து டான்ஸ் டீச்சர் ஓடி வந்து, எங்கள் இரண்டு பேர் கழுத்திலும் மாலை போட்டுவிட்டுச் சொன்னார்: "அந்தத் தாளம் அப்பிடியே உடம்புக்குள்ள எறங்குது சார், எந்த டிரம்ல அடிச்சீங்க?"

சேகர் வந்தான்

மழைக்காலம் முடிகிற சமயம். நான் வகுப்பில் இருந்தேன். வாசலில் சேகர் நின்றிருந்தான். இடது கையில் மணிக்கட்டுவரை கட்டு. இரண்டு விரல் என்றான். அதே மிஷின். அதே மாதிரிதான் எழுதி வைத்திருக்கிறார்கள், தடுப்பைத் தொழிலாளியே கழற்றிவிட்டார் என்று. குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகவில்லை. பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த டேனியல் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தான். சேகர் உட்காரவில்லை.

எனக்கு அவன் எதற்கு வந்திருக்கிறான் என்று தெரிந்துவிட்டது. இருந்தாலும் அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல், இருந்த டிஸ்க்கையெல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகத் தேடுகிற மாதிரி பாவனை செய்தேன். எல்லாவற்றிலும் அந்த அரை நொடி அடி மட்டும்தான் இருந்தது. என் முதுகுக்குப் பின்னால் சேகர் கேட்டான்: "அந்த கேசட்டு இன்னும் கீதாண்ணா?"

எழுதி வைத்தது

கேசட்டில் அந்தக் குரல் இல்லை என்பதால், சேகரே லேபர் ஆபீஸுக்கு வந்து வாயால் சொன்னான், தன் கைக்கும் டேனியல் கைக்கும் சேர்த்து. வேலையை விட்டு ஏற்கெனவே நிறுத்திவிட்டார்கள், இனிப் பயப்பட அவனுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு பேர் கதையும் ஒன்றாக இருந்ததால் அதிகாரி பட்டறைக்கே போய்ப் பார்த்தார். பரணில் துருப்பிடித்துக் கிடந்தது தடுப்பு. டேனியலின் கேஸ் தாளில் இருந்த அலட்சியம் என்ற வார்த்தை அடிக்கப்பட்டது. சேகரின் தாளிலும். மிஷினுக்குத் தடுப்பு வந்தது.

பூந்தமல்லி பஸ்ஸில் திரும்பும்போது, நினைத்தது நடந்துவிட்டதே என்று நான் சொன்னேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த டேனியல் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பஸ் போரூர் தாண்டியது. பிறகு சொன்னான்: "நான் அன்னிக்கு அவனக் கேக்காம இருந்திருந்தா, இன்னிக்கு அவன் கொழந்தய ரெண்டு கையாலயும் தூக்குவான், மச்சான்."

இத்தனை வருஷம் இந்தத் தொழில் செய்ததில் எனக்கு மிஞ்சியது, எந்தக் கம்ப்யூட்டரும் இப்போது படிக்காத ஒரு பெட்டி டிஸ்க்கும், நல்ல பாட்டு எது கேட்டாலும், தாளத்தில் அந்த மிஷின் அடியே கேட்பதால் தலையாட்ட வராத ஒரு கழுத்தும்தான்.