ஒரே பேனாவில் போட்ட டிக்குகள்

போன வருடம் பள்ளி திறந்த இரண்டாவது வாரம். முத்தியால்பேட்டையில் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். எட்டாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து, "டீச்சர், மேல எழுதுங்க டீச்சர், எங்களுக்குத் தெரியல" என்று குரல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். போர்டின் மேல் பாதி காலி. கணக்கெல்லாம் என் நெஞ்சு உயரத்துக்குக் கீழேயே நெருக்கியடித்துக் கிடந்தது. மேலே எழுதலாம் என்று வலது கையைத் தூக்கினால், தூக்க முடிந்தால்தானே! உயிர் போகிற வலி.

உண்மையைச் சொன்னால், அதற்கும் ஒரு மாதம் முன்பிருந்தே ஜடையை முன்னால் இழுத்துப் போட்டுப் பின்னிச் சமாளித்துக்கொண்டுதான் இருந்தேன். டாக்டரிடம் போனால் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்ற பயம். பிள்ளைகள் சொன்ன பிறகு வேறு வழியில்லை. என் கணவர் வண்டியில் உட்கார வைத்து, சாரம் பகுதியில் இருக்கும், கை கால் அசைவுக்கான ஒரு மறுவாழ்வு சிகிச்சை க்ளினிக்குக்குக் கூட்டிப்போனார்.

டாக்டர் கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லி, காம்பஸ் பெட்டியில் இருப்பதைவிடப் பெரிய ஒரு கோணமானியை வைத்து அளந்தார். "எண்பது டிகிரி" என்றார். இருபது வருடமாகக் கோணம் சொல்லிக்கொடுப்பவளின் கையே செங்கோணத்துக்கு வரவில்லை! தோள் மூட்டு இறுகிப்போயிருக்கிறதாம். சர்க்கரை இருப்பவர்களுக்கு இது கொஞ்சம் அதிகமாக வருமாம். எனக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை. "ஆபரேஷன்லாம் வேணாம் டீச்சர். மாத்திரையோட, வீட்டுல தினமும் எக்ஸர்சைஸ் செய்ங்க, போதும்" என்றார். அப்பாடா என்று இருந்தது.

எக்ஸர்சைஸ் சொல்லித்தர அதே க்ளினிக்கின் பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருத்தி வந்தாள். சின்ன வயது. பத்து நிமிடம் தாமதமாக வந்தாள் என்று, "நேரம்னா என்னன்னு தெரியுமாம்மா?" என்று வகுப்பில் கேட்கிற மாதிரியே கேட்டுவிட்டேன். முகம் வாடிப்போனது. ஆனாலும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். வீட்டில் கதவின் மேல் உருளை மாட்டி, அதில் போட்ட கயிற்றை நல்ல கையால் இழுத்து வலிக்கிற கையை மேலே ஏற்ற வேண்டும். சுவரில் விரல்களை ஊர்ந்து ஏற வைக்க வேண்டும். பதினான்கு கட்டம் போட்ட தாள் ஒன்றும் கொடுத்தாள். தினமும் செய்துவிட்டு டிக் போட வேண்டும்.

முதல் இரண்டு நாள் வீராவேசமாக இழுத்தேன். மூன்றாவது நாள் காபி டம்ளரைக்கூடத் தூக்க முடியவில்லை. அதோடு கயிற்றைத் தொடவே இல்லை. கொஞ்ச நாளில் அதில் கணவரின் பனியன் காய ஆரம்பித்தது. "ஏன் டீச்சரம்மா, பனியனுக்கா தோள் வலி?" என்று கேட்பார். "உங்க வேலையப் பாருங்க" என்பேன்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை க்ளினிக்குக்குப் போக வேண்டும். வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து, பெயரைக் கூப்பிடுவதற்குள் மளமளவென்று பதினான்கு டிக் போட்டுவிடுவேன். எத்தனை பிள்ளைகளை இதே திருட்டுத்தனத்துக்காக வெளியே நிற்க வைத்திருக்கிறேன்! "தினமும் செய்றீங்களா?" என்று டாக்டர் கேட்டால், "ஒரு நாள் விடல டாக்டர்" என்பேன், கூசாமல்.

மூன்று மாதம் போனது. கை எழுபத்தைந்துக்கு இறங்கியிருந்தது. டாக்டர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். "இவ்ளோ ஒழுங்கா செஞ்சும் அசையலன்னா, மயக்க மருந்து கொடுத்துத்தான் தோளை அசைச்சு விடணும். உங்களுக்கு சர்க்கரை வேற இருக்கு, பாத்துத்தான் செய்யணும். சர்ஜனுக்கு லெட்டர் தரேன்" என்று எழுத ஆரம்பித்தார்.

பக்கத்தில் கணவர் மேலே ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பவாவது சொல்லு" என்றார் மெதுவாக. நான் போட்ட பொய் டிக்கை நம்பி ஒரு மனிதர் என்னை மயக்க மருந்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

"டாக்டர், எழுதாதீங்க. நான் செய்யவே இல்ல."

மாட்டிக்கொண்ட பிள்ளைகளின் குரல் அப்படியே என் தொண்டையிலிருந்து வந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். "செஞ்சும் சரியாகலன்னாதான் டீச்சர் இந்த லெட்டர். நாம இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!" என்று அந்தத் தாளைக் கிழித்தார். நான் அன்று விட்ட பெருமூச்சு வாசல் வரை கேட்டிருக்கும்.

டாக்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்த அந்த பிசியோதெரபிஸ்ட் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "எனக்கு ரெண்டாவது தடவையே தெரியும் டீச்சர். பதினாலும் ஒரே பேனா, ஒரே சாய்வு. கேக்கத்தான் பயமா இருந்துச்சு." பிறகு, "ஏன் டீச்சர் விட்டுட்டீங்க? ரொம்ப வலிச்சுதா?" என்றாள்.

அவ்வளவுதான், எனக்கு அழுகை வந்துவிட்டது. வலிக்கிறது, பயமாக இருக்கிறது என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டுதான் மூன்று மாதத்தைப் பாழாக்கியிருந்தேன். முதல் நாளே எல்லை மீறி இழுத்ததுதான் தப்பு என்றாள். முதலில் வெந்நீர் ஒத்தடம், பிறகு ஐந்தே ஐந்து முறை, வலி அதிகமாகும் முன்பே நிறுத்திவிட வேண்டும் என்று புதிதாக ஆரம்பித்து வைத்தாள்.

பனியன் கொடிக்குப் போனது. கை தொண்ணூறைத் தொட்டது, நூற்றுப்பத்தைத் தாண்டியது. பொங்கல் விடுமுறை முடிந்து வந்த முதல் நாள், போர்டின் மேல் மூலையில் நானே தேதி எழுதினேன். வகுப்பில் யாரும் கவனிக்கவே இல்லை. எனக்குத்தான் எழுத்து மங்கலாகத் தெரிந்தது.

இப்போதும் யாராவது "நோட்ட வீட்டுல வச்சிட்டேன் டீச்சர்" என்றால், பொய் என்று எனக்குத் தெரியும். முன்பென்றால் வெளியே நிற்க வேண்டியதுதான். இப்போது பக்கத்தில் கூப்பிட்டு, "எந்தக் கணக்குல நின்னுட்ட?" என்று கேட்கிறேன். அப்படி ஒரு கேள்வியை அந்த பிசியோதெரபிஸ்ட் பெண் முதல் மாதமே பயமில்லாமல் என்னிடம் கேட்க நான் இடம் கொடுத்திருக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம், என் வலது கை தானாக ஒருமுறை மேலே போய்விட்டு வருகிறது.